பாஸில் இருந்த ஓ பாசிட்டிவ்

வைகாசி, திங்கள் இரவு.

தம்பி செல்வம் அடுத்த அறையில் இருமிக்கொண்டே இருக்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அம்மாவுக்குக் கொரோனா என்றதும், யார் அவள் அறைக்குள் போய்ப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. 'ஓ' குரூப்காரர்களை அது பெரிதாகத் தாக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. நான் 'ஏ'. செல்வம் துறைமுகத்தில் சுமை தூக்குகிறான்; உள்ளே போக அவனுக்குக் கொடுத்த பாஸில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. அவனையே போகச் சொன்னேன். அப்போது எனக்கு வந்த நிம்மதிதான் இப்போது உறுத்துகிறது. கஞ்சி, மாத்திரை, கழுவிவிடுவது எல்லாம் அவன்தான். அம்மா தேறிவிட்டாள்.

இன்று அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஏ பாசிட்டிவ். ஆக்சிஜன் இறங்கினால் உடனே கூட்டி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆட்டோவில் சொன்னான்: "பாஸ் போடும்போது யாருக்கும் ரத்தம் பாக்கலண்ணே. எங்க கேங்குல எல்லாரும் ஓ பாசிட்டிவ்னே எழுதிக் குடுத்தோம்."

"அன்னைக்கே ஏம்ல சொல்லல?"

"சொல்லிருந்தா நீ போயிருப்பியா?"

முத்தையாபுரம் வந்ததும் எங்கள் தெருவுக்குள் திருப்பச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கை காட்டினேன்.

இப்போது இருமல் நின்றிருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.