நீங்கள் எட்ட நின்ற நேரங்கள்

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

சங்ககிரி மலைமேல் இன்று மேகம் இறங்கியிருக்கிறது. பாதி மலையைக் காணோம். நீங்கள் உயிரோடு இருந்தால் சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கூப்பிட்டால் திரும்புவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் அந்த அமைதியைப் பார்த்து என்னென்னவோ நினைத்தேன். தாலி கட்டும்போதே உங்கள் கண் என்மேல் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை அப்படியே நின்றுவிடும். "அவர் மனசுல வேற யாரோ இருக்கறாங்களாட்டம் இருக்குது" என்று என் அக்காவிடம் அழுதிருக்கிறேன்.

ஒரு நாள் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து மத்தியானமே வந்துவிட்டீர்கள். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"மல்லிகா, இது எங் கையாட்டவே இல்ல."

"வலிக்குதுங்களா மாமா?"

"வலியெல்லாம் இல்ல. நானே எட்ட நின்னு என்னையப் பாக்கறாப்பல இருக்குது. நீ பேசறது தண்ணிக்குள்ள கேக்கறாப்பல கேக்குது. கொஞ்ச நேரத்துல செரியாயிரும். சின்னதுலிருந்தே இப்பிடித்தான்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னீர்கள். திருச்செங்கோட்டில், ஏழு வயதில், நிறுத்தியிருந்த போர்வெல் லாரிமேல் ஏறி விளையாடித் தலைகுப்புற விழுந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் நினைவில்லாமல் கிடந்தது. எண்ணெய் தேய்க்கும்போது என் விரலில் தட்டுப்பட்ட தழும்புக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

சேலத்து டாக்டரம்மா வலிப்பு இருக்கிறதா என்றெல்லாம் சோதித்துப் பார்த்தார். "சின்ன வயசுல தலையில பட்ட அடிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம். அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. வேற காரணமும் இருக்கலாம்" என்றார்.

"பைத்தியமில்லீங்களே?" என்று கேட்டீர்கள். எத்தனை வருடம் அந்தக் கேள்வியை உள்ளேயே வைத்திருந்தீர்களோ. அவர் இல்லையென்றதும், வீடு வரும்வரை பஸ்ஸில் சின்னப் பிள்ளைபோலச் சிரித்த முகமாக வந்தீர்கள்.

அந்த அடிதான் காரணமா? இல்லை, அந்தி நேரத்தில் தெரியாத முகங்களுக்கு நடுவே கண் விழித்த பிள்ளையின் பயமா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு நீங்கள் அப்படி விலகிப் போகும்போதெல்லாம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். மெல்ல ஒரு நேரத்தில் "வந்துட்டேன்" என்பீர்கள். அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

"புள்ளைக்குத் தெரிய வேண்டாம், பயந்துக்குவா" என்றீர்கள். போன வாரம் சொல்லிவிட்டேன் மாமா. ஓசூரிலிருந்து சுகன்யா வந்திருந்தாள்.

"எங் கல்யாணத்தன்னைக்கு அப்பா அழுகக்கூட இல்லீங்களேம்மா. யாரு கல்யாணத்துக்கோ வந்தவராட்டம் நின்னாரு. எம்மேல பாசமே இல்லீங்களா?"

அதற்குமேல் எப்படிச் சும்மா இருப்பேன்? எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தன்று அவள் கார் போனபிறகு, காலி மண்டபத்தில் நீங்கள் என் பக்கம் திரும்பி, "புள்ள பொறப்பட்டுட்டாளா? நான் பாக்கவே இல்லியே மல்லிகா" என்று கேட்டதையும், துண்டில் முகத்தைப் புதைத்து அழுததையும் சொன்னேன்.

"அப்பாவுக்கு எப்பிடி இருந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான். என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

அவள் வீட்டில் இதுவரை உங்கள் படம் கிடையாது. ஏனென்று நானும் கேட்டதில்லை. நேற்று போனில், "அம்மா, வாரப்ப அப்பா போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கைக்குழந்தையாக அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் நேராகப் பார்க்கிற படம் ஒன்று இருக்கிறது. அன்று நீங்கள் முழுக்க எங்களோடுதான் இருந்தீர்கள். அதைத்தான் கொண்டு போவேன். அவள் வீட்டில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், என் கையாலேயே மாட்டிவிட்டு வருவேன்.

உங்கள் பக்கத்திலேயே இருக்கும்,
சுகன்யாவின் அம்மா,
மல்லிகா