குட்டியின் காதில் உன் குறி

அன்பு மகள் ஈங்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் உடம்பளவில் நலம், மனசு எப்படி என்பதைப் படித்துத் தெரிந்துகொள். நீ அங்கே ஓஸ்லோவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரி வேலை என்று காபியிலேயே பொழுதை ஓட்டுகிறாயா? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இது அவருக்குத் தெரியக் கூடாத விஷயம்.

முதலில் ஊர்ச் செய்தி. போன வாரம் விழுந்த பனியின் மேலேயே மழை பெய்து தொலைத்தது, மறுநாள் எல்லாம் பாறையாக இறுகிவிட்டது. நம் மந்தைப் பனிமான்கள் குளம்பால் தோண்டித் தோண்டிப் பார்த்து, அடியில் இருக்கும் பாசியை எட்ட முடியாமல் நிற்கின்றன. உன் அத்தை மகன் ஐலு தீவன மூட்டைகளைப் பனி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தனியாளாக அல்லாடுகிறான். இந்த மாதிரி வருஷத்தில் மலையில் நிற்க வேண்டியவர் உன் அப்பா, ஆனால் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வசந்தத்தில் மந்தையைக் கடற்கரைக்கு ஓட்டிப் போகவும் வர மாட்டாராம், சுருக்குக் கயிற்றைக்கூட ஐலுவிடம் கொடுத்துவிட்டார். கேட்டால் கண் போச்சு என்கிறார்.

ஜூலையில் குட்டிகளுக்குக் காதில் குறி வெட்டியபோது ஆரம்பித்த வினை இது. வழக்கம்போலக் குட்டிகளின் கழுத்தில் எண் அட்டை கட்டி விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் சரிவில் குப்புறப் படுத்து, எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பின்னால் போகிறது என்று பார்த்தோம். தாயின் காதில் யார் குறியோ அதுதானே குட்டிக்கும். பைனாகுலர் என்னிடம், நோட்டு அவரிடம், முப்பது வருஷமாக அப்படித்தான். பதினேழாம் நம்பர் நம்ம ஈங்காவோட மானுக்குப் பின்னாடி போகுது என்று நான்தான் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். மறுநாள், உன் ஞானஸ்நானத்தன்று உனக்கென்று வைத்த குறியை அந்தக் குட்டியின் காதில் வெட்டினார்.

செப்டம்பரில் மந்தையைப் பட்டியில் அடைத்தால், அந்தக் குட்டி உன் குறியோடு, நம்மோடு சேர்ந்து மேய்க்கிற மாத்தே வீட்டு மானிடம் பால் குடித்துக்கொண்டு நிற்கிறது, ஊரே பார்க்க. நம் ஆட்கள் யாரையும் திருடன் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். மாத்தேயின் பெண்டாட்டி ரவ்னா மட்டும் என்னிடம் வந்து, ஏன்டி ரிஸ்தேன், உன் பொண்ணு ஊர்ப்பக்கம் தலையே காட்டறதில்ல, அவ மந்தை மட்டும் எப்படிடி பெருகிக்கிட்டே இருக்கு என்று கேட்டாள். உன் அப்பாதான் பட்டிக்கு நடுவில் போய் நின்று, தப்பாப் பார்த்தது நான்தான் மாத்தே, என் கண்ணு ஏமாத்திடுச்சு, குட்டியைக் கூட்டிட்டுப் போ என்றார். ஓடுற மந்தையிலயே காதைப் படிக்கிற கண்ணாச்சே, இதுக்கு மட்டும் தெரியலையாக்கும், நீயே வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டு மாத்தே முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் உன் அப்பாவைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒருவேளை அவர் கண்ணும்தான் மங்கிவிட்டதோ என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன், வெட்கம் கெட்டவள். போன மாதம் கண் டாக்டர் வந்திருந்தார், பிடிவாதமாக இவரைக் கூட்டிப் போனேன். உள்ளே போய்விட்டு வந்து, மோசந்தானாம், இனிமே மலை வேலை ஆகாதாம் என்றார். நேற்று பொத்தான் தைக்க அவர் கோட்டை எடுத்தேன், பையில் டாக்டர் சீட்டு இருந்தது. ஜன்னலோரம் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தால், இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறது.

எனக்கு வலது கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகி ஒரு வருஷமாகிறது. நீ நர்ஸ், உனக்குத் தெரியும், புரையாகத்தான் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சரிவுக்குக் கூப்பிட மாட்டார்கள். வருஷம் முழுக்க மந்தையோடு திரிகிற மனுஷனுக்குப் பக்கத்தில் நான் இருப்பது குட்டிகளுக்குக் குறி வைக்கிற அந்த நாலு நாள்தான், அதை விட மனசில்லை. பட்டியில் அந்தக் குட்டியைப் பார்த்ததுமே அவருக்கு என் கண் விஷயம் புரிந்திருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பழியைத் தான் வாங்கிக்கொண்டு, அது பொய்யாகிவிடக் கூடாதென்று மலையையே விட்டுவிட்டார். அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது, அழுகையும் நிற்க மாட்டேன் என்கிறது.

இன்னும் பதினைந்து நாளில் குளிர்கால மந்தையைப் பிரிக்க எல்லாரும் பட்டிக்கு வருவார்கள். ரவ்னா, மாத்தே, ஐலு எல்லார் முன்னாலும், பார்த்ததும் சொன்னதும் நான்தான் என்று சொல்லப் போகிறேன். அப்புறம் என்னைச் சரிவுக்குக் கூப்பிடாவிட்டால் போகட்டும். குறி உன் பேரில் இருப்பதால், குட்டியை மாத்தேக்குக் கொடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வரிகள் ஏறி இறங்கிப் போயிருந்தால் தப்பாக நினைக்காதே, ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்தால் எனக்கு முன்னால் பட்டியில் போய் நின்று, மறுபடியும் தன் கண்தான் என்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரிஸ்தேன்