கடைசிப் பக்கம் இல்லாத பேய்க்கதை

கே.கே. நகர், மதுரை.

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அம்மா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சிசுவும் சுகமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், இங்கே சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேச்சு வருவதற்குள் அழுகை வந்துவிடுகிறது, அதனால் காகிதத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பும்படி எதிர்வீட்டு சத்யப்ரியாவிடம் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது கஞ்சிக்கும் வாய் திறப்பதில்லை, கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்கிறார் டாக்டர். பிடித்த புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள் என்றும் சொன்னார். அப்பாவின் அலமாரி உனக்குத் தெரியாததா, மேல்தட்டில் வைகைப் பாசனம், வாடிப்பட்டிக் கண்மாய்கள், பாளையக்காரர்கள் என்று ஊர் வரலாறு, நடுவில் சோதிடமும் சித்த வைத்தியமும், கீழ்த்தட்டு முழுக்கப் பேய்க்கதை. அந்தக் கீழ்த்தட்டை நான் காலி செய்திருந்தேன். குறி கேட்க அழைத்த கோடாங்கி உடுக்கையை அடித்து, "வீட்டுக்குள்ள ஆகாததக் கூட்டி வச்சிருக்கீகளே தாயி" என்றதும் எனக்கு அந்தப் புத்தகங்கள்தான் நினைவுக்கு வந்தன. சாக்கில் கட்டி, சாக்கு வாயில் வேப்பிலை செருகி, வாடிப்பட்டிக்கு உன் மாமா தங்கப்பாண்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சாமியோ டாக்டரோ கோடாங்கியோ, யார் எதைச் சொன்னாலும் செய்கிற நிலையில் இருக்கிறேன் சுபா. பிறகு எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை என்று தொண்டை வறள வாசித்தேன், அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவே சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "அக்கா, ஒன் பேய நீயே வச்சுக்க, பொழுது சாஞ்சா அன்னக்கொடி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக மாட்டேங்கிறா" என்றான். உன் அத்தை எம்புட்டுப் பெரிய வாய்க்காரி, அவளுக்கே பயம். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. சாக்கை அவிழ்த்ததும் அட்டையில்லாத தடிப் புத்தகம் ஒன்றை அப்பா பார்த்தார், பார்த்த கண்ணை எடுக்கவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று வாசித்தேன். புளியந்தோப்பு வீட்டில் தனியாக இருப்பவளின் கதவைச் செத்துப்போன புருஷன் வந்து தட்டுகிற இடத்தில் பயந்து நிறுத்தினேன். "அப்பொறம்?" என்றார் அப்பா. குழறல்தான், ஆனால் அவர் குரல் சுபா! கரண்டியை நீட்டினேன், இரண்டு வாய் வாங்கிக்கொண்டார்.

புரட்டினால் மேற்கொண்டு பக்கமே இல்லை. காளவாசல் பழைய புத்தகக் கடையில் வாங்கும்போதே அது அப்படித்தான், சின்னவளாக இருந்தபோது மீதியை நீயாகக் கட்டிச் சொல்வாய், அவரும் திரும்பத் திரும்பக் கேட்பார். நான் அடுப்படியில் இருந்தேன், ஒருநாளும் காதில் விழவில்லை. கதவைத் திறந்தாள், கனவு கலைந்தது, சுபம் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன், அப்பா வாயை இறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அதன்பிறகு பச்சைத்தண்ணீர்கூட இறங்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஏழாம் மாதத்தில் விமானம் ஏறாதே, நான் வரச் சொல்லவில்லை. காதை மூடிக்கொண்டு வெளியே போ, கீரையை ஒதுக்காதே. பிள்ளையைச் சுமக்கிறவள் பேய் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான்தான் கேட்கிறேன், அந்த மீதிக் கதையை உன் குரலில் பேசி அனுப்பு. பாவம் வந்தால் எனக்கு வரட்டும். மீனாட்சி உங்கள் எல்லோரையும் காப்பாள். மறந்துவிடாதே, கதவைத் தட்டியதிலிருந்து தொடங்கு.

இப்படிக்கு,
கஞ்சியை ஆறாமல் மூடி வைத்திருக்கும்
உன் அம்மா பாண்டீஸ்வரி