லில்லி கேட்ட மூச்சு

வெள்ளிக்கிழமை, இரவு

ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் நினைவு ஜெபம், மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட்டிலேயே. அவருக்குப் பிடித்த கீர்த்தனையை நான்தான் வாசிக்கவேண்டும். கீபோர்டை இணைத்து வாசிக்கும், கம்ப்யூட்டரில் இருக்கும் பைப் ஆர்கன் மென்பொருளில் எந்த ஒலியை வைக்கலாம் என்று நேற்று என் மனைவி லில்லியிடம் கேட்டேன். எல்லாம் வெளிநாட்டுத் தேவாலயங்களில் உள்ள நிஜ ஆர்கன்களைக் குழாய் குழாயாகப் பதிவு செய்தவை. நாலைந்து போட்டுக் காட்டினேன். மெல்லிய புல்லாங்குழல் ஒலி ஒன்றைச் சொன்னாள். அதில் ஒவ்வொரு சுரமும் தொடங்கும்போது லேசாகக் காற்றுச் சத்தம் வரும். எனக்கு அது பதிவின் குறையாகப் பட்டது.

இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் அந்தக் காற்றை மொத்தமாக எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. வாசித்துப் பார்த்தபோது சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"இன்னாங்க, நேத்து கேட்டது மாதிரி இல்லியே. அம்மா பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பாங்களே, அது மாதிரி ஒன்னு வந்துச்சு. அதுக்குத்தான் இத சொன்னேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம்.

"அதேதான். நான் எதையும் மாத்தல," என்றேன்.

"அப்ப எனக்குத்தான் அம்மா குரல் மறந்துகினு வருது போல," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவள் தூங்கியபிறகு காற்றைத் திரும்ப வைத்து ஹெட்போனில் கேட்டேன். அவள் சொன்னது சரி. மாமியார் அப்படித்தான் மூச்சு இழுப்பார்.

இதை அப்படியே வாசித்தால் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷப்படுவாள். என்னிடம் எதுவும் கேட்கமாட்டாள். இன்று அந்த மூச்சு கேட்காமல் போனது தன் மறதியால்தான் என்றே நினைத்துக்கொள்வாள்.