கோபுர விளக்கு தலை குனியட்டும்

அனுப்புநர்:
மாவு மில் நடத்துபவர்,
பேருந்து நிறுத்தத்துக்குப் பின்புறம், கடைசித் தெரு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
தெருவிளக்குப் பிரிவு.

பொருள்: காற்றில் சாய்ந்த கோபுர விளக்குக்குப் பதிலாக, தரையை மட்டும் பார்க்கும் தாழ்வான விளக்குகள் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் முச்சந்தியில் நின்ற உயர்கோபுர விளக்கு சென்ற மாதம் அடித்த காற்றில் சாய்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதைவிட இரு மடங்கு வெளிச்சம் தரும் புதிய விளக்கு வந்து இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் நட்டுவிடுவார்களாம். அதற்குள் இம்மனு தங்கள் கைக்கு வந்து சேர வேண்டுமென்று, மில்லை மத்தியானமே சாத்திவிட்டு எழுதுகிறேன்.

2. பழைய விளக்கு எரிந்தவரை எங்கள் வீட்டுக்குள் இரவு வந்ததில்லை. ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டியும் படுக்கையறையில் ஊசியில் நூல் கோக்கலாம். காக்கைகள் விடிந்துவிட்டதென்று நடுச்சாமத்தில் கரையும். வானமோ, சரியாகத் துலக்காத பாத்திரம்போல் மங்கிக் கிடக்கும். வானம் என்றால் அவ்வளவுதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

3. விளக்கு சாய்ந்த மறுநாள் மேகம் விலகியது. இருட்டியதும், காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். துணியை எடுக்கவில்லை, ஐயா! எங்கள் மில்லின் கூரை ஓட்டை வழியே வெயில் விழும்போது மாவுத்தூசி மினுங்கிக்கொண்டு மிதக்கும். அதைப் போலவே கிழக்கிலிருந்து மேற்குவரை வானத்தில் ஒரு பட்டை. அதுதான் பால்வீதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். “என்னங்க, சீக்கிரம் ஓடி வாங்க!” என்று நான் போட்ட கூச்சலில், தேள் கொட்டிவிட்டதோ என்று பதறி, என் கணவர் ஒற்றைச் செருப்போடு வந்தார். வந்தவர், “அடேங்கப்பா, இவ்வளவும் எங்கடி இருந்துச்சு?” என்றார். அன்று சோறு ஆறிப்போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் இல்லற வாழ்வில் இது புதுமை.

4. விளக்கை உடனே நடச் சொல்லித் தங்களுக்கு முதலில் மனு கொடுத்தவர் பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார். மருத்துவமனையில் செவிலியர். வேலை முடிந்து பேருந்தில் வந்து இறங்கி, இருட்டில் நடந்து வருகையில் சாக்கடை ஓரம் கால் இடறிக் கணுக்கால் வீங்கிவிட்டது. “உங்களுக்கு வேடிக்கை, எனக்குக் கால் போச்சு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் மாடியில் ஆகாயத்தைப் பார்த்துப் பூரித்து நின்ற நேரத்தில்தான் அவர் கீழே தடுமாறி விழுந்திருக்கிறார்.

5. அதனால் அவர் மறுபடி வேலைக்குப் போனதும், நான் டார்ச்சோடு பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். உர்ரென்று இறங்கினார். டார்ச் வெளிச்சத்தில் நடந்தோம். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கவே நின்றோம். ஏதோ யோசனையில் தலையை நிமிர்த்தியவர் குனியவே இல்லை. சற்றுப் பொறுத்து, “அண்ணி, அந்த டார்ச்சைக் கொஞ்சம் அணைங்க” என்றார். விளக்கு கேட்டு மனுப் போட்டவர் சொல்கிறார், ஐயா! அணைத்தேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் எனக்கு ஆறு மீன்கள் தெரிந்தன. அவர் ஏழு என்றார். “கண்ணாடிய மாத்துங்க அண்ணி!” “உனக்கு வாய் மட்டுமில்ல, கண்ணும் நீளம்!” என்று நடுத்தெருவில் நின்று சண்டை போட்டோம். நாங்கள் இதுவரை போட்ட சண்டைகளில் இருவரும் சிரித்தது இது ஒன்றில்தான். அப்போது எரிநட்சத்திரம் ஒன்று கிழித்துக்கொண்டு போக, அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

6. ஆகவே இருவரும் கலந்து பேசிக் கேட்டுக்கொள்வது: நிறுத்தத்திலிருந்து கடைசித் தெரு வரை, வெளிச்சம் மேலே சிதறாதபடி மூடி போட்ட சிறு விளக்குகளை ஆளுயரத்துக்குச் சற்று மேலே வைத்துத் தர வேண்டும். சாக்கடைக்குக் கல் பாவி மூட, உரிய பிரிவுக்குத் தாங்களே எழுத வேண்டும். கோபுர விளக்கை, இருட்டில் சரக்கு இறக்கச் சிரமப்படும் சந்தைத் திடலுக்குக் கொடுத்துவிடலாம். என் நாத்தனார் தம் முந்தைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்.

உத்தரவு பிறப்பிக்கும் முன் ஒரு மாலை தாங்கள் குடும்பத்தோடு எங்கள் மாடிக்கு வர வேண்டும். பாய் விரித்து வைத்திருப்போம். பார்த்துவிட்டுத் தாங்கள் என்ன முடிவெடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். பார்க்காமல் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நாள்: அமாவாசை
இடம்: எங்கள் வீட்டு மொட்டை மாடி

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) மாவு மில்காரி
(ஒப்பம்) அவர் நாத்தனார், செவிலியர் – மீன்கள் ஏழுதான், ஐயா. வந்து எண்ணிப் பாருங்கள்.