பரணில் ஏறிய வாஃபிள் மெஷின்

என்னங்க,

ஆறு மணி பேருந்துக்கு ஓடுகிறேன். சின்னவள் எழுந்ததும் கட்டம் கட்டமாகச் சுடும் அந்த வாஃபிளைக் கேட்பாள். ஒரு வாரமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவள் இப்போதுதான் வாய்விட்டுக் கேட்கிறாள், இல்லையென்று சொல்லாதீர்கள்.

அரிசி மாவு இரண்டு கப் அளந்து வைத்திருக்கிறேன். அவள் வயிற்றுக்கு ஆகாத கோதுமை டப்பா பக்கமே போகவேண்டாம். முட்டைக்குப் பதிலாக ஆளிவிதைத் தூளை ஊறவைத்திருக்கிறேன். கொழகொழவென்றுதான் இருக்கும், கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். பேக்கிங் பவுடரில் கோதுமை கலக்கவில்லையென்று டப்பாவை மூன்று முறை படித்துவிட்டேன். நீங்களும் ஒருமுறை படியுங்கள். ஆவி அடங்குமுன் மெஷின் மூடியைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிய்ந்துவிடும்.

பழைய மெஷினைப் பரணில் போட்டுவிட்டேன், எடுக்காதீர்கள். புதியது மேசைமேல் இருக்கிறது.

ஏனென்று கேட்பீர்கள். போன சனிக்கிழமை நீங்களும் அவளும் வெளியே போயிருந்தபோது, ஆசை தாங்காமல் எனக்கு மட்டும் கோதுமை மாவில் ஒன்று சுட்டுத் தின்றேன். துடைத்துத்தான் வைத்தேன். நேற்று குச்சியால் குடைந்தால் பள்ளமெல்லாம் பழுப்புத் துகள். மறுநாள் அதே மெஷினில் அவளுக்கு நீங்கள் சுட்டதில் ஒரு தவறும் இல்லை. "கோதுமை பட்ட கரண்டியைக்கூடக் கழுவத் தெரியாதா?" என்று நான்தான் கத்தினேன்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு பரணேறிவிட்டேன்.

இன்றும் அவள் "கோதுமை அப்பா" என்று கேலி செய்தால் சிரித்து மழுப்பாதீர்கள். இந்தச் சீட்டை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.