நீ சன்னலை விட்டுப் போன பிறகு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், நீயும் என் பேரனும் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறாயே, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிறாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் குழந்தை அழுகிறான் என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது பார். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் குறையவில்லை, வாய்க்கு ஒரு வலியும் இல்லை, டிவியில் செய்தி வாசிப்பவரோடு தினமும் சண்டை. பால்கனித் தொட்டிச் செடிகளுக்கு வஞ்சனையில்லாமல் தண்ணீர் ஊற்றி, கீழ்வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்து, அவர்கள் மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்திருக்கும் என்று சமாளித்துப் பார்த்தார் உன் அப்பா. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மட்டும் உன்னையும் மீறி நீ அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை, என்ன ஏது என்று தெரியாமல் அழுகை வருகிறது, மாப்பிள்ளைக்கோ கப்பல் வேலை, கரைக்கு வர இன்னும் மாதக் கணக்காகும். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் வந்து கதவைத் தட்டியபோது நீ விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தட்டுகிற சத்தம் ஓயும்வரை குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாய். வியாழக்கிழமை மறுபடி வருவதாகக் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்போதும் திறக்கப் போவதில்லை என்கிறாய். அவங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்கம்மா என்று நீ சொன்னது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அந்தப் பயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இன்று பேசப் போகிறேன், கொஞ்சம் நீளும், பிள்ளை தூங்கும்போது படி.

அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. பெரிய கட்டடம் ஒன்றுக்கு வெளிச்சுவர் வண்ணம் அடிக்கப் போன இடத்தில் விழுந்தார். நான் சலவைக்கூடத்தில் சாயங்கால ஷிப்ட், விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்தில் கொடுத்துக் கொடுத்துக் கை காப்புக் காய்த்துப்போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நீ தனியாகத்தான் இருப்பாய், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பாத்திரங்களை வரிசையாக வைத்து அவற்றுக்குப் பாடம் நடத்துவாயாம். பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கரண்டிக்குக் கணக்கே வரவில்லை என்று ஒருநாள் அடிகூடக் கொடுத்தாயாம். இது எப்படியோ உன் டீச்சர் காதுக்குப் போய், அங்கிருந்து சமூக நல அலுவலகத்துக்குப் போய், ஒரு அம்மா நம் வீட்டுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார் என்பதால் நம் குடியிருப்பில் அவருக்குக் கேள்வியக்கா என்று பெயர். அவர் வந்துபோன வீட்டில் பிள்ளை நிலைக்காது என்று மாடிப்படியில் ஒரு பேச்சு இருந்தது. சொன்னவர்களில் ஒருவர்கூட அவரைக் கிட்டத்தில் பார்த்ததில்லை, அது வேறு கதை.

அந்தச் செய்தி வந்ததும் நம் தளமே சேர்ந்து ஒரு வேலை செய்தது. வீடு ஒன்றுமில்லாமல் கிடந்தால்தானே பிள்ளையை வைத்துக்கொள்ள வக்கில்லை என்பார்கள், வீட்டை நிறைத்துவிடுவோம் என்று முடிவு. தையல்கார அத்தை தன் கைவைத்த நாற்காலியையும் பூப்போட்ட திரைச்சீலையையும் கொண்டுவந்து போட்டாள், எதிர்வீட்டிலிருந்து சுவர்க்கடிகாரம், மேல்வீட்டிலிருந்து ஒரு கூடைப் பழம். பழத்தைத் தொடாதே, அது பார்க்கிறதுக்கு என்று உன்னிடம் சொல்லி வைத்தேன், நீயும் கைகட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். கேள்வியக்கா வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், சுற்றிலும் பார்த்தார், இவ்வளவு வசதியாக இருக்கிறீர்களே, உங்களுக்கு எங்கள் உதவி வேண்டியிருக்காது, சந்தோஷம் என்று எழுந்து போய்விட்டார். அவர் போனதும் நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை தப்பித்தாள், சரி, ஆனால் வந்த உதவியையும் அல்லவா வாசலோடு அனுப்பிவிட்டோம். யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. தையல்கார அத்தையின் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார் அல்லவா, அவரைப் பார்க்க அடுத்த வாரம் இதே அம்மா அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதே நாற்காலி, கால் ஒன்றில் துணி சுற்றியிருக்குமே, அது. அதே பூப்போட்ட திரைச்சீலை. அங்கே கிழவரைப் பார்த்துவிட்டு நேரே நம் கதவைத் தட்டினார். நான் திறந்தேன். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. அவர் கோபப்படவே இல்லை, உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், "நாற்காலி அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு போல. பரவாயில்லம்மா, இப்ப உங்க வீட்டைக் காட்டுங்க." தரையில் பாய் விரித்தேன், உட்கார்ந்தார், எனக்கு எங்கிருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடியும்வரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கேள்வியக்கா என்று பெயர் வைத்தவர்கள் அன்று பார்த்திருக்க வேண்டும். பிறகு சலவைக்கூடத்து மேற்பார்வையாளரைத் தானே போய்ப் பார்த்து எனக்குக் காலை ஷிப்ட் வாங்கிக் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க சாயங்காலம் உனக்குத் தலை வாரிவிட்டு, ரெட்டைச் சடை போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடிந்தது என்றால் அது அவரால்தான். கஷ்டகாலம் என்றுதான் பெயர், ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தச் சாயங்காலங்களைப்போல் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. நடக்கும் வழியெல்லாம் நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பாய், கேள்வியக்கா வரும் நாட்களில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் கேட்பதற்குமுன் நீயே கேள்வி கேட்பாய். ஒருமுறை உங்களுக்கு வீடு இல்லையா, எப்பப் பார்த்தாலும் எங்க வீட்டுக்கே வர்றீங்க என்று கேட்டுவைத்தாய். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் முட்டைக்கண்ணி விஷயம் நடந்தது. நமக்குக் கீழ்த்தளத்து லாரிக்காரரின் மகள், உன் வயசு, கண்ணை உருட்டி உருட்டிப் பேசுவாள், நீங்கள் ரெண்டு பேரும் ஒட்டிப்பிறந்த மாதிரி திரிவீர்கள். அந்த வீட்டில் குடித்துவிட்டுக் கை ஓங்குவது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம். பள்ளிக்கூட லீவில் ஒரு மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது கேள்வியக்கா வந்து அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நீ சன்னலில் நின்று பார்த்திருக்கிறாய். அவள் கதறினாள், கார் கிளம்பியது, மூலை திரும்பியது. நான் வரும்போது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். அடுத்தமுறை அவர் வந்தபோது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாய், அதற்குப் பிறகு அவர் மடியில் நீ உட்காரவே இல்லை. அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன், ஆனால் உன்னை வற்புறுத்த வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் நம் தெருவில் அந்த அலுவலகத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஆளுக்கொரு பக்கம்தான். தையல்கார அத்தை கையெடுத்துக் கும்பிடுவாள், அவளுடைய மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் ஆள் வைத்துக் கொடுத்தார்கள். மூலைச் சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் திட்டுவார், அவருடைய அக்கா படுக்கையில் கிடந்தபோது நடையாய் நடந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அக்காவை அவரே கழுவித் துடைத்து அனுப்பிவைத்தார். லாரிக்காரர் இருந்தவரை காறித் துப்பினார். யாரும் பொய் சொல்லவில்லையம்மா. அவரவர் வாசலில் நடந்ததை அவரவர் சொல்கிறார்கள். நீயும் நீ பார்த்ததை வைத்துத்தான் பயப்படுகிறாய், பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது புதுச் செய்தி. போன மாதம் கண் டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏறினேன், டிரைவர் சீட்டிலிருந்து அத்தை என்று ஒரு குரல். நிமிர்ந்தால் அதே கண். முட்டைக்கண்ணி பஸ் ஓட்டுகிறாள், அவ்வளவு பெரிய வண்டியை விளையாட்டுச் சாமான்போல் திருப்புகிறாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை, பின்சீட்டு அம்மாவிடமெல்லாம் சொன்னேன். நீ போனில் அழுத பிறகு, லீவு நாளில் அவளை டீ குடிக்க வரச்சொன்னேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அன்றைக்கு உன்னைக் கூட்டிப்போனது நல்லதா கெட்டதா என்று. அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "ஒரே வார்த்தையில சொல்லத் தெரியலை அத்தை. மொதல்ல விட்ட இடம் எனக்குப் பிடிக்கவே இல்லை, தினம் அழுவேன். உனக்கு என்ன வேணும்னு என்னை யாரும் கேட்கலை, அந்தக் கோவம் இன்னும் இருக்கு. அப்புறம் ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி வளர்த்தாங்க, அவங்கதான் எனக்கு அம்மா அப்பா. ஆனா ஒண்ணு, அந்த வீட்லயே இருந்திருந்தா இப்ப உங்ககூட உக்காந்து டீ குடிக்க நான் இருந்திருக்க மாட்டேன்."

உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். நீ சன்னலிலிருந்து பார்த்ததையும் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "நான் கத்தினது வீட்டை விட்டுப் போறேன்னு இல்லை அத்தை. என் மீன் மேலயே இருந்துச்சு." சமையலறை மேடையில் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு சிவப்பு மீன் வளர்த்தாளாம், எனக்கு ஞாபகமே இல்லை. கார் மூலை திரும்பியதும் கேள்வியக்கா ஏன் கண்ணு இப்படி அழுவுற என்று கேட்க, இவள் விக்கலுக்கு நடுவே மீனைச் சொல்லியிருக்கிறாள். டிரைவர் நேரமாகிறது என்றாராம். கேள்வியக்கா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். தெரு முழுக்க நடந்து, படியேறி, வாசலில் கையை முறுக்கிக்கொண்டு நின்ற லாரிக்காரரைத் தாண்டி உள்ளே போய், பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முன்பக்கமெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாராம். வழி நெடுக பாட்டிலின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தாராம், குழியில் வண்டி குலுங்கும்போது தண்ணீர் சிந்திவிடாமல். எவ்வளவோ மறந்துபோயிற்று, அந்தக் கையை மட்டும் மறக்கவில்லை என்றாள் அவள்.

இத்தனை வருடம் எனக்கும் தெரியாது மகளே. கார் மூலை திரும்பியதும் நீ சன்னலை விட்டுப் போய்ப் படுத்துவிட்டாய். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவர் திரும்பி வருவதைப் பார்த்திருப்பாய்.

வியாழக்கிழமை வருகிற பெண் கேள்வியக்காவைப்போல் இருப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. முகம் கொடுத்துப் பேசத் தெரியாதவளாகவும் இருக்கலாம், அவசரக்காரியாகவும் இருக்கலாம், அப்படி இருந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேள், அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் களைத்துப்போன தாயைப் பார்க்க வருவதும் அடிபட்ட பிள்ளையைக் கூட்டிப்போக வருவதும் ஒன்றில்லை. உன் கை உன் பிள்ளைமேல் ஓங்கியதில்லை, அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்தால் நான் தந்திருப்பேன். இருக்க முடியவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. அப்பாவும் இதைப் படித்துப் பார்த்தார், எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார், அவர் அழுதால் அப்படித்தான்.

நீயும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல், நல்லபடி தூங்கி எழுந்து, நிறைந்து வாழ வேண்டும். மாப்பிள்ளை பத்திரமாகக் கரை வந்து சேரட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. வியாழக்கிழமை காலையிலேயே தாழ்ப்பாளை எடுத்து வைத்துவிடு. தட்டும்போது எழுந்து போய்த் திறக்கக் கால் வராது உனக்கு, எனக்குத் தெரியும். இருந்த இடத்திலிருந்தே உள்ள வாங்க என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா